எண்ணூர்க் கசிவும் எண்ணெய்க் கலவையின் பாகுநிலையும்

2017 சனவரி 28 அன்று விடியற்காலையில் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் கப்பல்கள் மோதிக்கொண்டன. பின்னதிலிருந்து கசிந்த உலை எண்ணெய் எர்ணாவூர்ப் பாறைக் கரையில் கெட்டியாகத் தேங்கியது. தெற்கே மெரினாவையும் தாண்டிப் பரவியது. உறிஞ்சு பொறிகள் திணறியமையால் வாளி கொண்டு அள்ள நேர்ந்தது.

உலை எண்ணெய் தனிப்பொருளன்று. கச்சா எண்ணெயை வடித்தபின் எஞ்சும் கசடு, இலேசான எண்ணெய் கலந்து இளக்கப்பட்டது. இத்தகைய கலவையின் பாகுநிலையை முன்கணிக்கும் முயற்சி பழையது. 1887இல் அரேனியசு மடக்கை விதியை முன்வைத்தார். 1917இல் கெண்டலும் மன்ரோவும் கனமூல விதியைத் தந்தனர். பாகுநிலை 1000, 10 அலகுடைய இரு எண்ணெய்களைச் சரிபாதி கலப்பதாகக் கொள்வோம். எளிய சராசரி 505 என்னும். மடக்கை விதி 100 என்னும். கனமூல விதி ஏறத்தாழ 224 என்னும். ஒரே கலவைக்கு மூன்று விடைகள்! எனினும், எளிய சராசரி காட்டுவதைவிடக் கலவை மிகுதியாக இளகும் என்பதில் இரு விதிகளும் உடன்படுகின்றன. கச்சா எண்ணெய்க்கு இவை முற்றும் பொருந்துவதில்லை. அஸ்பால்ட்டீன் மிக்கதாயின் அளந்தே அறிதல் வேண்டும்.

கடலில் நிகழ்வது இதன் மறுதலை. இலேசான பகுதி ஆவியாகிறது. அலை நீரைக் கலந்து குழம்பாக்குகிறது. பாகுநிலை பன்மடங்கு உயர்கிறது. முதலில் இறைக்கத்தக்கதாய் இருப்பது நாள் கழியக் கழிய இறைக்கவொண்ணாததாகிறது. எண்ணூரிலோ, மோதலை அடுத்துத் துறைமுகம் வெளியிட்ட அறிக்கை கசிவினால் பாதிப்பில்லை என்றே கூறியிருந்தது.