எஞ்சியவற்றுள் சிறந்தவை



எக்காலத்துக்கும் சிறந்த திரைப்படங்கள் யாவை என்னும் வினா, இளைஞர் கூடுமிடமெங்கும் எழுவது. லண்டனிலிருந்து வெளிவரும் 'சைட் அண்ட் சவுண்ட்' என்னும் இதழ், 1952 முதல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை இவ்வினாவைத் திறனாய்வாளரிடம் விடுத்து வருகிறது. 1952இல் முதலிடம் பெற்றது இத்தாலியப் படமாகிய 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962இல் அமெரிக்கப் படமாகிய 'சிட்டிசன் கேன்'. காலந்தோறும் சுவை மாறுகிறது, பட்டியலும் மாறுகிறது. ஆயினும், தேர்வு தொடங்குமுன்பே பல படங்கள் போட்டியிலிருந்து நீங்கிவிடுகின்றன. அவை அழிந்துபோனமையே காரணம். அதைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் 'கீசக வதம்'. 1910களின் பிற்பகுதியில் அதனைச் சென்னையில் எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். அவர் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்ற வணிகர். இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை மோட்டார்த் தொழிற்சாலைகள் பல நிற்கின்றன. அவ்வட்டாரத்தில் தொழிற்கல்வி பயிலும் மாணவர்கள் அவரைத் தம் தொழிலின் முன்னோருள் ஒருவராகக் கொள்ளலாம். அக்காலத்து மோட்டார் வண்டிகள் சில, பழங்கார் அணிவகுப்புகளில் இன்றும் ஓடக் காண்கிறோம். அவர் எடுத்த படமோ நமக்குக் கிட்டவில்லை. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதா'ஸும் அவ்வாறே மறைந்தது.

காரணம் என்ன? அந்நாளைய படச்சுருள் நைட்ரேட் கலந்த பொருளால் ஆனது. அது எளிதில் தீப்பற்றும்; வெப்பத்தில் தானே சிதையும். ஓடி முடிந்த படத்தைப் பேண வேண்டுமென்று எண்ணியவரும் மிகச் சிலரே. அதிலுள்ள வெள்ளிக்காகப் பழஞ்சுருளை விற்றவரும் உண்டு.

தப்பிப் பிழைத்த ஒன்றின் கதை வியப்பானது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்னும் பேசாப்படம் 1933இல் வெளிவந்தது. மூலநாவலின் பதிப்புரிமை குறித்து வழக்கு மூண்டது. படச்சுருள் பதிப்பகத்தார் கைக்குச் சென்றது. திரையில் ஓடித் தேயாமல் அங்கேயே கிடந்தமையால், 1974இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதனைப் பெற முடிந்தது. படத்தைக் காத்தது புகழன்று, வழக்கே.

புகழ் காவாது என்பதற்கு 'சிந்தாமணி' சான்று. தியாகராஜ பாகவதர் நடித்து 1937இல் வெளிவந்த அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. ஈட்டிய பொருளால் மதுரையில் அப்பெயரிலேயே திரையரங்கொன்று எழுந்தது. இன்று அதன் பிரதி எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், பழைய படங்களுள் 1944இல் வந்த 'ஹரிதா'ஸைத் தேர்ந்தெடுப்பேன். மூன்று தீபாவளிகள் கண்ட படம் அது. ஆனால் 'சிந்தாமணி'யினும் அது சிறந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றைக் கண்டேன், மற்றதைக் காண வழியில்லை. ஆகவே, 'எக்காலத்துக்கும் சிறந்தது' என்பதை 'எஞ்சியவற்றுள் சிறந்தது' என்று படிப்பதே வரலாற்று மாணவர்க்கு அழகு.

புனேயில் மேற்சொன்ன காப்பகம் அமைந்தது 1964இல்தான். அதற்குள் இழந்தவை பல. இன்று கைப்பேசியிலேயே படமெடுக்கும் நீங்கள், எடுத்தவற்றை ஆண்டும் ஊரும் குறித்துப் பேணுங்கள். நாளைய தலைமுறை எதனைச் சிறந்ததெனத் தேர்ந்தெடுக்கும் என்பதை நாம் அறியோம். தேர்ந்தெடுக்க ஏதேனும் இருக்கச் செய்வது நம் கடமை.