படத்தைப் பார்த்து ஆஸ்திரேலிய நாட்டுத் தேனீக்களை அடையாளம் காண்பது எப்படி?

தக்காளி, கத்தரிப் பூவில் நீலப் பட்டை போட்ட தேனீ ஒன்று தொங்கிக்கொண்டு சத்தமாக அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான் பூவை உலுக்கி மகரந்தம் எடுக்கிறது. அங்கே பெயரிடப்பட்ட நாட்டுத் தேனீ வகைகள் மட்டும் சுமார் 1,700. செல்போன் படத்தை வைத்து அவற்றைப் பிரிக்கும் முறை தெரிந்தால், உங்கள் வயலில் எடுக்கும் படத்துக்கும் அது உதவும்.

முதலில், அது தேனீதானா என்று பாருங்கள். தேனீ போலவே பட்டை போட்ட ஈக்கள் உண்டு. ஈயின் உணர்கொம்பு குட்டையாக இருக்கும். கண்கள் தலையை அடைத்திருக்கும். தேனீயின் உணர்கொம்பு நீண்டு, முழங்கை போல மடங்கியிருக்கும்.

அடுத்து, மகரந்தம் எங்கே ஒட்டியிருக்கிறது? பின்னங்காலில் உருண்டையாக இருந்து, உடலும் கறுப்பாக 4 மி.மீ. அளவில் இருந்தால் கொட்டாத தேனீ. நம் கொசுத்தேனீயின் இனம்தான். பின்னங்காலில் அடர்ந்த முடி, வயிற்றில் நீலப் பட்டைகள் என்றால் நீலப்பட்டைத் தேனீ. பொதுவாகப் பெண்ணுக்கு 4 பட்டை, ஆணுக்கு 5. வயிற்றின் அடிப்பக்கம் மகரந்தம் அப்பியிருந்தால் இலைவெட்டித் தேனீ அல்லது அதன் உறவு. ரோஜா இலையில் வட்டமாக வெட்டுவது இதுதான். இலையைத் தின்பதில்லை, கூடு கட்டவே வெட்டுகிறது. நம் ஊரில் துவரைப் பூவுக்கு வந்து காய் பிடிக்க உதவுவதும் இந்தக் குடும்பம். வெட்டைப் பார்த்ததும் மருந்து அடித்துவிடாதீர்கள்.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலிலும் வயதிலும் முடி வெளுத்துவிடும். சில வகைகளைப் படத்தில் பிரிக்கவே முடியாது. கொட்டாத தேனீயில் கார்பனேரியா, ஹாக்கிங்சி என்ற இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். கூட்டைத் திறந்து, புழு அறைகள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தால் கார்பனேரியா.

அடையாளம் காண்பது அங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. நாம் பெட்டியில் ஆசையாக வளர்க்கும் இந்தியத் தேனீயின் இனம் 2007-ல் கெய்ன்ஸ் நகரில் நுழைந்து, அயல் பூச்சியாகக் கருதப்படுகிறது.

படம் எடுக்கும்போது பக்கவாட்டு, மேல்புறம், முகம் என மூன்று கோணம் வேண்டும். ஊர், தேதி, பூவின் பெயரையும் குறித்து வையுங்கள். காலைக் குளிரில் தேனீ மெதுவாக நகரும். நீலப்பட்டை ஆண் தேனீக்கள் மாலையில் காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்கும். அப்போது எடுத்தால் படம் ஆடாது.