தூக்க மாத்திரையா, வலிப்பு மருந்தா? ஷிப்ட் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பார்பிச்சுரேட்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகளில் இரவும் பகலும் வேலை நடக்கிறது. நைட் ஷிப்ட் முடிச்சுட்டு ரூமுக்கு வந்தால் பலருக்குத் தூக்கம் வராது. 'ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்' என்று யாராவது கொடுத்தால், அது என்ன மாத்திரை என்று தெரியாமல் விழுங்கக் கூடாது.

பார்பிச்சுரேட் என்றால் என்ன?

மூளையின் வேகத்தைக் குறைக்கும் மருந்து வகை இது. 1903-ல் பார்பிட்டல், 1912-ல் பினோபார்பிட்டோன் சந்தைக்கு வந்தன. பல ஆண்டுகள் இவைதான் தூக்க மாத்திரைகள். ஆனால் தூக்கம் தரும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் 1960-களில் இருந்து டயசெபம் போன்ற மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்தன.

இப்போது எதற்குத் தருகிறார்கள்?

முக்கியமாக வலிப்பு நோய்க்கு. விலை குறைவான பினோபார்பிட்டோன், உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் இருக்கிறது. தயோபென்டோன் ஆபரேஷனுக்கு முன் தரும் மயக்க ஊசி.

என்ன ஆபத்து?

* பினோபார்பிட்டோன் உடலில் பல நாட்கள் தங்கும். அடுத்த ஷிப்டிலும் மந்தம் இருக்கலாம். ஓடும் இயந்திரத்தின் அருகே அது விபத்தில் முடியும்.
* மது அல்லது வேறு தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு அடங்கலாம். இதை முறிக்கத் தனி மருந்து கிடையாது.
* தொடர்ந்து எடுத்தால் பழக்கமாகிவிடும்.
* கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். கர்ப்பிணிகள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வலிப்புக்காக எடுப்பவர்கள் நிறுத்தலாமா?

தாங்களாக நிறுத்தவே கூடாது. திடீர்னு நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம். தூக்கம் கெட்டாலும் வலிப்பு தூண்டப்படும். அதனால் ஷிப்ட் நேரத்தையும், இயந்திரத்தில் வேலை செய்வதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை அவர் முடிவு செய்வார்.

சீட்டு இல்லாமல் வாங்கலாமா?

கூடாது. பினோபார்பிட்டோன் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து.

பக்கத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால்?

இயந்திரத்தை நிறுத்தி, அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்காது. வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே 108-ஐ அழையுங்கள். மாத்திரை அதிகமாகப் போட்டு எழுப்ப முடியாமல் கிடந்தாலும் அதேதான். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.