செப்புக் குத்தூசி

வட அமெரிக்காவிலே, சுப்பீரியர் ஏரிப் பகுதியில், பாறைகளிடையே செம்பு உலோகமாகவே கிடைத்தது. ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த வேட்டுவர் அதனை உருக்காது, தீயிற் காய்ச்சித் தட்டி, ஈட்டிமுனையும் கத்தியும் குத்தூசியும் ஆக்கினர். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்னரோ, ஈட்டிமுனையும் கத்தியும் பெரும்பாலும் மீண்டும் கல்லாயின. குத்தூசி மட்டும் செம்பாகவே நிலைத்தது.

காரணம் யாது? வெட்டுவதற்குக் கல்லின் கூர்மை போதும். மென்மையான செம்பு விரைவில் மழுங்கும். தடித்த தோலைத் துளைக்கும் ஊசியோ மெல்லியதாதல் வேண்டும். அது கல்லாயின் முறியும், எலும்பாயின் தேயும், செம்பாயின் வளைந்தாலும் நிமிர்த்தித் தீட்டிக்கொள்ளலாம். கடுங்குளிர் நாட்டிலே தோலாடையின்றி உயிர்வாழ்தல் அரிதன்றோ?

புதியதென்று உலோகத்தை அம்மக்கள் போற்றவுமில்லை; பழையதென்று கல்லை இகழவுமில்லை. தொழிலுக்கேற்ற கருவியையே தெரிந்துகொண்டனர்.