'பகல்ல நல்லாத்தானே தெரியுது?' – வயதானவர்களுக்கு இரவில் கார் ஓட்டுவது ஏன் சிரமமாகிறது?

ஜார்ஜ்டவுனில் ஒரு கல்யாண விருந்து. அது முடிந்து நிபோங் திபால், பைராம் தோட்டத்துக்குத் திரும்புகிறீர்கள். ஓட்டுவது 65 வயது அப்பா. பினாங்கு பாலத்தில் விளக்குகள் வரிசையாக எரிகின்றன, பிரச்சனை இல்லை. செம்பனைக்கு நடுவே போகும் இருட்டுச் சாலையில் எதிரே ஒரு லாரி வந்ததும், "லைட்டு கண்ணைக் கூசுது" என்கிறார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் போகும். அந்தக் கூச்சம் தெளிய 3 வினாடி ஆனால், 50 மீட்டர் தூரத்தைச் சரியாகப் பார்க்காமலே கடந்திருப்பார். அந்த இடைவெளியில் பின்விளக்கு இல்லாத ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால்?

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

20 வயதில் இருட்டில் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். 60-களில் அது 5 மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுவிடும். கண்ணின் லென்ஸும் மஞ்சளாகிறது. இரண்டும் சேர்ந்து, 60 வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

கண்புரை தொடங்கியிருந்தால், எதிரே வரும் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறி, விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையைச் சத்தமில்லாமல் குறைக்கும். இனிப்பு நீர் விழித்திரையைக் கெடுக்கும். மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. அதிக விகிதம் இந்தியர்களிடம்தான்.

மாலைக்கண் நோயா இது?

இல்லை. மாலைக்கண் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவால் வருவது. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு கேரட் ஜூஸ் கொடுத்தால் இந்தச் சிரமம் தீராது. இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடியும் உதவாது. எதிர் விளக்குக் கூச்சத்தில் பாதசாரிகளைக் கண்டுபிடிக்க அது கைகொடுக்கவில்லை என்று 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அப்பாவுக்கே தெரியாதா?

பல நேரம் தெரியாது. மாற்றம் மெதுவாக வருகிறது. பகலில் எழுத்துப் பலகையைப் படித்துவிடுவார், "எல்லாம் தெரியுதுப்பா" என்பார். தனியார் கார் லைசன்ஸைப் புதுப்பிக்கும்போதும் கண் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் கவனிக்க வேண்டியவர் பக்கத்து சீட்டில் இருக்கும் நீங்கள்தான்.

இவற்றைப் பாருங்கள்:

• கோடு தெரியாமல் நடுச்சாலைக்கு நகர்கிறாரா?
• பலகையை வெகு அருகில் வந்த பிறகுதான் படிக்கிறாரா?
• மழை இரவுகளில் வெளியே போவதைத் தவிர்க்கிறாரா?
• காரில் புதுக் கீறல்கள் விழுகின்றனவா?

என்ன செய்யலாம்?

முதலில் சாவியைப் பிடுங்காதீர்கள். பஸ் அரிதான தோட்டப் பகுதியில் கார்தான் அவருக்குக் கோயில், கடை, நண்பர்கள் எல்லாம். "இனி ஓட்டாதீங்க" என்பதைவிட "வாங்கப்பா, கண்ணைக் காட்டிட்டு வருவோம்" என்பது எடுபடும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம். அங்கிருந்து கண் நிபுணரிடம் அனுப்புவார்கள். கண்மணியை விரித்து, விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், திரும்பும்போது நீங்கள் ஓட்டுங்கள்.

கண்புரை என்றால் அறுவை சிகிச்சை உண்டு. அதைச் செய்துகொண்ட முதியவர்கள் விபத்தில் சிக்கும் விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிடப் பாதியளவுதான் என்று 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது.

அதுவரை முன்கண்ணாடியையும் விளக்குகளையும் துடைத்து வையுங்கள். எதிர் விளக்கை நேராகப் பார்க்காமல், சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து மெதுவாகப் போகச் சொல்லுங்கள். பகலில் அவர் ஓட்டட்டும், பொழுது சாய்ந்தால் ஸ்டீயரிங்கை நீங்கள் பிடியுங்கள்.