கப்பலை ஃபோர்க் பண்ண முடியாது

நம்ம தூத்துக்குடி துறைமுகத்துக்கு 2011ல வ.உ.சி. பேரை வெச்சாங்க. அவர் வளர்த்த கம்பெனி எப்படி முடிஞ்சுதுங்கறதைப் பத்தித்தான் அதிகம் பேச்சில்லை. அதை ஒரு லினக்ஸ் கம்பெனியோட கதைக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியும்.

சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம். பங்குக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. பேருக்குத்தான் உதவிச் செயலாளர், ஓடியாடிப் பங்கு சேர்த்ததெல்லாம் அவர்தான். 1907ல காலியா, லாவோன்னு சொந்தமா ரெண்டு கப்பல் வந்துடுச்சு. கொழும்பு ரூட்டுல தனிக்காட்டு ராஜாவா இருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுப் பார்த்தது. கடைசியில 'சும்மாவே வாங்க, குடையும் தர்றோம்'னு கூப்பிட்டதா ஊர்ல சொல்லுவாங்க. இலவசம் வேற, கட்டற்றது வேறங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? :-)

1908 மார்ச் 12ல வ.உ.சி. கைது. மறுநாள் நெல்லை பத்தி எரிஞ்சது, துப்பாக்கிச் சூட்டுல உயிர்கள் போச்சு. ஜூலையில இரட்டை ஆயுள் தண்டனை. 1911ல கம்பெனியைக் கலைச்சு, கப்பல்களையும் வித்தாச்சு. 1912 டிசம்பர்ல அவர் வெளியே வந்தப்ப கம்பெனியே இல்லை. அவருக்காக உயிரைக் கொடுக்க ஜனம் இருந்தது. ஆனா கம்பெனி போனா கப்பலும் போச்சு, அந்த ஜனத்தால அதை மீட்க வழியில்லை.

இப்ப லினக்ஸுக்கு வருவோம். 1998ல பிரான்ஸ்ல கயேல் துவால் ஆரம்பிச்சது மாண்ட்ரேக் லினக்ஸ். (நம்ம காமிக்ஸ் மந்திரவாதி பேருதான். அதுக்கே வழக்கு வந்து, அப்புறம் மாண்ட்ரிவான்னு மாத்தினாங்க.) புதுசா வர்றவங்களும் பயப்படாம நிறுவலாம்னு பேர் வாங்கினது. ஆனா கம்பெனிக்குக் காசு கட்டுப்படி ஆகலை. 2006ல துவாலையே ஆட்குறைப்புல அனுப்பிட்டாங்க. 2010ல மேலும் பலருக்கு வேலை போச்சு. 2015ல கம்பெனியே கலைஞ்சுது.

ஆனா இங்க கதை முடியலை. 2010 செப்டம்பர்லயே வேலை இழந்தவங்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, மூல நிரலை எடுத்துக்கிட்டு மஜேயான்னு தனியா கிளம்பிட்டாங்க. மாண்ட்ரிவாங்கற பேரு கம்பெனி சொத்து, அதைத் தொட முடியாது. நிரலுக்கு அந்தத் தடை இல்லை. இந்தத் தடவை கம்பெனி வேண்டாம்னு லாபநோக்கற்ற சங்கமா பதிவு பண்ணினாங்க. 2011ல முதல் வெளியீடு, 2023ல ஒன்பதாவது. சம்பளம் இல்லாத வேலை, மெதுவாத்தான் நகருது. ஆனா மூழ்கலை.

வ.உ.சி.கிட்ட இல்லாத திறமை எதுவும் துவால்கிட்ட இருந்ததா எனக்குத் தோணலை. வித்தியாசம் தலைவர்கள்ல இல்லை, உரிமத்துல இருக்கு. நம்மில் பலர் இன்னிக்கும் 'இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, அந்தத் தலைவர் நல்லவர்'னு நம்பித்தான் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கறோம். நல்லவராவே இருக்கட்டும். நாளைக்கு அவர் இல்லாட்டி, கப்பல் யார் கையில இருக்கும்? இதையும் கேட்டுட்டு ஏறுங்க மக்களே.