வெற்றிலைப் பையும் கைப்பையும்

மனிதன் தான் உடுக்கும் ஆடையாலும் பூணும் அணியாலும் தன் நிலையைப் பிறர்க்கு அறிவிக்க விரும்புதல் உலகத்து இயற்கை. ஆடையையும் அணியையும் பற்றி நம்மவர் நிரம்ப எழுதியுள்ளனர். கையிலே கொண்டுசெல்லும் பையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் இன்று ஒரு பெண்ணின் செல்வநிலையை அவள் கழுத்தைப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் குறைந்து, தோளிலே தொங்கும் பையைப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் வளர்ந்துவருகின்றது. பாரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற வணிக இல்லங்களின் பெயர்களை மாத்தளைக் கடைவீதியிலும் கேட்கலாம். அவ்வில்லங்களின் பைகளைப் பார்த்துச் செய்த போலிகளைக் கண்ணாலும் காணலாம். இஃது அண்மையில் வந்த நாகரிகம் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால் பை ஒன்றைக் கொண்டு மனிதனின் பெருமையை அளக்கும் வழக்கம் இம்மலைநாட்டுக்குப் புதியதன்று.

கண்டியரசு நிலவிய காலத்தில் அப்பெருமைக்கு உரியதாய் விளங்கியது வெற்றிலைப் பை. அக்காலத்தில் வெற்றிலை வெறும் தாம்பூலமன்று. விருந்தினரை வரவேற்றலும் பெரியோரைப் பணிதலும் வெற்றிலையாலேயே நிகழ்ந்தன. ஆகவே வெற்றிலையை வைக்கும் பையும் சிறப்புற்றது. எளியவர் சிறு பையை இடுப்பிலே செருகிக்கொண்டனர். பிரதானிகளின் பையோ பெரியது. அதனைப் பணியாள் ஒருவன் தோளிலே தொங்கவிட்டுக்கொண்டு தலைவனைப் பின்தொடர்வான். கருநீலப் பருத்தித் துணியில் சிவப்பும் வெள்ளையுமான நூல்களால் தாமரையும் கொடியும் பறவையும் சங்கிலித் தையலில் அமைந்திருக்கும். விளிம்பிலே பின்னிய கரையும், நுனியிலே குஞ்சமும், தூக்குதற்கு முறுக்கிய கயிறும் உண்டு. உள்ளே பாக்குவெட்டியும் பித்தளையாலோ வெள்ளியாலோ ஆன சுண்ணாம்புக் கரண்டகமும் இருக்கும். பருத்தி நூல் வேலையைப் பிரதானிகளின் இல்லத்துப் பெண்களே செய்தனர். அரசனுக்குரிய பொன்னிழை வேலைக்கு 'ஹன்னாலி' எனப்பட்ட தையற்காரர் இருந்தனர்.

தமிழ் நேயர்களுக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது. வெற்றிலைப் பையை நம் முன்னோர் 'அடைப்பம்' என்றனர். மன்னனுக்கு அடைப்பம் ஏந்துவோன் அவன் அருகிலேயே நிற்பவன், நம்பிக்கைக்கு உரியவன், ஆதலின் அஃது ஏவலாளின் வேலையாக அன்றிப் பதவியாகவே கருதப்பட்டது. தஞ்சையில் நாயக்கராட்சியைத் தொடக்கிய செவ்வப்ப நாயக்கர், விசயநகரத்து அச்சுததேவராயருக்கு அடைப்பம் ஏந்தியவர் என்பர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்களும் தென்னாட்டு நாயக்கர் வழியினரே.

அக்காலத்து அழகைப் புகழுமிடத்து அதன் கொடுமையையும் மறைத்தல் ஆகாது. 1660 இல் சிறைப்பட்டு 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்டவற்றை 1681 இல் நூலாக வெளியிட்டார். குடிமக்கள் வீட்டுச் சுவருக்கு வெள்ளை பூசலாகாது, கூரைக்கு ஓடு வேயலாகாது என்றும், தாழ்ந்த குலத்தார் முழங்காலுக்குக் கீழே துணி தொங்க உடுத்தலாகாது என்றும் அதிற் கூறுகின்றார். தும்பறையிலே நார்ப்பாய் நெய்த கின்னரர் அவ்வாறு தாழ்த்தப்பட்டோருள் ஒருவர். அவர் நெய்த பாயில் யானையும் மானும் அன்னமும் நிற்கும்; அது பெருமனைகளை அலங்கரிக்கும்; நெய்தவரோ அம்மனைக்குள் நுழைதற்கும் உரியரல்லர். செய்தவர் இன்னார் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் அவருக்கு மதிப்பளிக்கவில்லை.

1815 இல் அரசு வீழ்ந்தது. பிரதானிகளின் வெற்றிலைப் பை உடனே மறைந்துவிடவில்லை. மெல்ல மெல்ல நாணத்துக்குரிய பொருளாயிற்று. சப்பாத்தும் தொப்பியும் அணியத் தொடங்கியவரின் பின்னே வெற்றிலைப் பை தூக்கி வருபவன் பொருந்துவானா? மான்செஸ்டர் ஆலைத்துணி மலிவாக வந்திறங்கவே உள்ளூர் நெசவும் தளர்ந்தது. இவ்வீழ்ச்சியைத் தெளிவாகக் கண்டு கலங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வரான அவர் 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணில் கைவினைஞரின் நலிவே பட்டது. 1908 இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவரது பெருநூலில் வெற்றிலைப் பைகளுக்கும் இடமுண்டு; அவர் துணைவியார் எதெலும் அத்தையல் வேலையை ஆராய்ந்தவர். நம் மாவட்டத்துப் பல்லேஹபுவிதவில், அரக்கை உருக்கி நகத்தினால் இழையாக இழுத்து வண்ணமிடும் தொழிலையும் அவர் பதிவுசெய்தார். ஒரு தமிழர் சிங்களக் கைவினையைக் காக்க இத்துணை உழைத்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் குறை.

பிரதானிகளின் பை மறைந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில் வேறொரு பை இம்மாவட்டத்துக்குள் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மூதாதையர் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியே காடு கடந்து மாத்தளைக்கு நடந்தனர். மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880 இல். அதற்குள் வழியிலே மாண்டவர் பல்லாயிரவர். பிழைத்தவர் தலையில் ஒரு மூட்டையும், பெண்கள் இடுப்பில் ஒரு சுருக்குப் பையும் இருந்தன. காசும் வெற்றிலையும் அச்சிறு பைக்குள்ளேதான். யாழ்ப்பாணத்துப் பெண்கள் பனையோலையால் இழைத்த கொட்டைப்பெட்டியை எவ்வாறு மடியிலே செருகினரோ அவ்வாறே இதுவும். பிற்காலத்தில் தோட்டத்துப் பெண்ணின் முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது. இவற்றை எந்த வரலாற்றாசிரியரும் கலைப்பொருளாக எண்ணவில்லை. அருங்காட்சியகமும் கேட்டு வாங்கவில்லை.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். இன்றைய பெரும்பெயர்கள் யாவும் தொழிலாளரின் பட்டறைகளிலிருந்தே எழுந்தன. 1837 இல் தொடங்கிய ஏர்மேஸ் இல்லம் குதிரைச் சேணம் செய்தது. 1854 இல் கடை திறந்த லூயி வித்தோன் பயணப்பெட்டி செய்தவர். அவர் பெட்டியை அன்று நல்ல வேலைப்பாட்டுக்காகவே வாங்கினர். போலி செய்வோர் பெருகவே, 1896 இல் அவர் மகன் ஜோர்ஜ், தந்தையின் பெயரெழுத்துக்களையே துணி முழுவதும் பொறிக்கும் முறையைக் கொண்டுவந்தார். என் நோக்கில் பையின் வரலாற்றில் இதுவே பெருந்திருப்பம். போலியைத் தடுக்க இட்ட அடையாளமே நாளடைவில் விலைக்குரிய பொருளாயிற்று; போலிக்காரனும் வேலையை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்தெழுதக் கற்றுக்கொண்டான். 1955 இல் சனேல் அம்மையார் சங்கிலி கோத்த பையைத் தோளில் மாட்டிப் பெண்களின் கைகளுக்கு விடுதலை அளித்தார். அது பயனுள்ள மாற்றம், மறுப்பதற்கில்லை. 1984 இல் ஏர்மேஸ் இல்லம் ஜேன் பேர்க்கின் என்னும் நடிகையின் பெயரால் ஒரு பை செய்தது. அவர் அதற்குமுன் எங்கும் எடுத்துச் சென்றது ஒரு பிரம்புக்கூடை! அவருக்கென முதலிற் செய்த பை 2025 யூலையில் பாரிஸில் 86 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று.

நம் நாட்டில் இம்மனப்பான்மை ஒரே சீராக வளரவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, கூட்டுறவுக் கடை வரிசையில் ஆசிரியையும் தோட்டத்துப் பெண்ணும் ஒரே வகைப் பன்பையோடு நின்றனர். அதைச் சமத்துவம் என்று சிலர் போற்றுவர். வரிசையில் நின்றவர் அவ்வாறு போற்றக் கேட்டதில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் பன்பை வறுமையின் சின்னமாயிற்று. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாய்ச் சென்றவர் திரும்புகையில் தோளிலே பளபளக்கும் கைப்பை தொங்கியது. அதை விலாசம் என்று ஊரார் இகழ்ந்தனர். பிறர் வீட்டில் ஆண்டுக்கணக்காய் உழைத்த ஒருத்தி தன் உழைப்புக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டமாகவே அதை நான் காண்கின்றேன். அண்மையிலோ வேறொரு மாற்றம் தெரிகின்றது. எழுத்துப் பொறித்த பையைக் காட்டிக்கொள்ள வசதியுள்ளோரே கூசுகின்றனர். கைத்தறிப் பையைத் தோளில் மாட்டுதல் கொழும்பிலே நாகரிகமாகிவிட்டது. பார்பரா சன்சோனி அம்மையார் 1964 இல் நிறுவிய பெயர்பூட் இல்லத்துக்கு அதிலே பெரும்பங்குண்டு.

மாத்தளைக்கு அருகே அலுவிகாரையில் இம்மாற்றத்துக்கு முன்னோடியாயிருந்தவர் ஏனா த சில்வா அம்மையார். 1922 இல் பிறந்த அவர் சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960 களில் கொழும்பிலே பத்திக் கலையை வளர்த்த அவர், பின்னர் சொந்த ஊருக்கே மீண்டு, கிராமத்துப் பெண்களைக் கொண்டு பத்திக்கும் பூத்தையலும் செய்யும் நிலையம் ஒன்றை 2015 இல் மறையும்வரை நடத்தினார். பழைய கண்டித் தையல் அங்கே அருங்காட்சியகப் பொருளாகவன்றிக் கூலி தரும் வேலையாக மீண்டது. தும்பறை நெசவையும் 2021 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் அதை நெய்யும் குடும்பங்கள் சிலவே. பாரிஸ் பெயர் பொறித்த பைக்குச் சொன்ன விலையைக் கொடுப்பவர்கள், தும்பறை நெசவாளரிடம் நூறு ரூபா குறைக்கச் சொல்லி வாதாடுவதை நான் நேரிலே கண்டிருக்கின்றேன்.

உயர்தர வகுப்பு மாணவியர் சிலரைக் கண்டி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை அழைத்துச் சென்றோம். வெளிநாட்டுப் பைகளின் அடையாளங்களைத் தொலைவிலேயே இனங்காணும் அப்பிள்ளைகளால், கண்ணாடிப் பேழையிலிருந்த வெற்றிலைப் பையில் எது சங்கிலித் தையல் என்று சொல்ல இயலவில்லை. பார்த்தறியும் பழக்கம் போய்ப் பெயரைக் கேட்டறியும் பழக்கம் மட்டும் எஞ்சியிருந்தது. அவரவர் வீட்டில் உள்ள பழைய பை ஏதேனும் கொண்டுவருமாறு பணித்தோம். ஏழு சுருக்குப் பைகள் வந்தன. ஒன்றில் வெற்றிலைக் கறை இன்னும் இருந்தது. மற்றொன்று மூன்று இடங்களில் வெவ்வேறு துணியால் ஒட்டுப் போடப்பட்டிருந்தது. வரலாற்று அறை அலுமாரியில் அவற்றை வைத்து, தைத்தவர் பெயரும் தோட்டமும் எழுதுமாறு கூறினோம். ஐந்தின் கீழே பெயர் எழுதப்பட்டுள்ளது. மற்ற இரண்டுக்கும் உரிய பெயரை அப்பிள்ளைகள் வீட்டு முதியோரிடம் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.